சுண்டுவின் அரிப்பும் நரி சொன்ன காரணமும்

ஒரு காட்டில் அந்த மார்கழியில் சேவல் கூவிப் பொழுது விடியவில்லை. "பறக்... பறக்..." என்று ஒரு நாய்க்குட்டி சொறிகிற சத்தத்தில்தான் விடிந்தது.

குட்டியின் பெயர் சுண்டு. அவன் அம்மாவின் பெயர் வெள்ளைக்காலி. அவளைப் போலப் பயந்தவளை அந்தக் காட்டில் பார்க்க முடியாது. இலை உதிர்ந்தால் "புலி!" என்பாள். சுண்டு தும்மினால் "காய்ச்சல்!" என்பாள்.

பனி பிள்ளைக்கு ஆகாது என்று, ஆட்டுக்கிடை போட்டிருந்த மேட்டிலிருந்து ஒரு பழைய சாக்கை இழுத்து வந்து மரப்பொந்தில் விரித்திருந்தாள். மெத்துமெத்தென்ற சாக்கு. அதில் சுண்டு மட்டும்தான் படுப்பான். அவள் பொந்து வாசலில், வெறும் தரையில் காவல் கிடப்பாள்.

சுண்டுவுக்குக் காதோரம் முடி கொட்டியது. வாலடியில் புண் வந்தது. பால் குடிக்க வாய் வைப்பான். பாதியில் விட்டுவிட்டுச் சொறிவான். வயிறு ஒட்டிப்போய்விட்டது.

"அம்மா, சொறிஞ்சு விடு. அங்கே இல்லே, இங்கே. இங்கேயும் இல்லே... எல்லா இடத்திலேயும்!"

'இப்படியே போனால் என் பிள்ளை பிழைப்பானா?' என்று வெள்ளைக்காலி எருமையிடம் ஓடினாள்.

"தோல் காய்ந்தால் அரிக்கத்தான் செய்யும்" என்றது எருமை, அசை போட்டபடியே. "சேற்றில் போட்டுப் புரட்டு. நான் அழகாக இல்லையா?"

வெள்ளைக்காலி திரும்பி ஓடி வந்தாள். பிள்ளையைச் சேற்றில் புரட்டினாள். சுண்டு களிமண் கொழுக்கட்டை மாதிரி எழுந்து வந்தான். அன்று சாயங்காலம் வரை அரிப்பு இல்லை. விடிந்தால், "பறக்... பறக்..."

"சேறாம் சேறு! எருமை சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறாயே!" என்று காட்டுக்கோழி இறக்கையை உதறியது. "புழுதியில் குளிக்க வை. எங்கள் வீட்டில் பிறந்த குஞ்சு முதல் எல்லோரும் அப்படித்தான்."

புழுதியில் குளித்த சுண்டு நாள் முழுக்கத் தும்மினான். தும்முகிற மும்முரத்தில் சொறிய மறந்துபோனான். விடிந்தால், மறுபடியும் "பறக்... பறக்..."

பிறகு மரத்திலிருந்து மந்தி இறங்கி வந்தது. புண்ணைப் புரட்டிப் பார்த்தது. "கொழுந்து வேப்பிலையை அரைத்துப் பூசு" என்றது.

வெள்ளைக்காலி வேப்பிலையைக் கல்லில் நசுக்கி உடம்பெல்லாம் பூசினாள். சுண்டு ஒரு நக்கு நக்கிப் பார்த்தான்.

"உவ்வே! அம்மா, எனக்கு அரிப்பே பரவாயில்லை!"

"வாயை மூடிக்கொண்டு காட்டுடா கண்ணு."

பொழுது சாய்வதற்குள் புண் வாடிவிட்டது. வெள்ளைக்காலி பூரித்துப்போனாள். பிள்ளையைச் சாக்கில் கிடத்தி, கழுத்து வரை இழுத்துப் போர்த்திவிட்டாள். விடிந்தால், முன்னைவிடப் பலமாக, "பறக்! பறக்! பறக்!"

"பகலில் கேட்கிற மருந்து ராத்திரி கேட்க மாட்டேன் என்கிறதே!" என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

அது ஒரு நரியின் காதில் விழுந்தது. பனி தொடங்கிய நாளிலிருந்தே அந்தச் சாக்கின் மேல் அதற்கு ஒரு கண். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, சொல்லவே சங்கடமாக இருக்கிறது. காரணம் அந்தச் சாக்குதான். கெட்ட சாக்கு! கிடையில் செத்த கிழட்டு ஆட்டின் சாபம் அதில் ஒட்டியிருக்கிறது. நான் கொண்டுபோய்த் தொலைத்துவிடுகிறேன். உனக்காக இந்தக் கஷ்டத்தைக்கூடப் படமாட்டேனா?"

"போடா! பிள்ளைக்கென்று நானே பல்லால் இழுத்து வந்த சாக்கு. அதற்கு என்ன குறை?"

"நீ அதில் ஒருநாளாவது படுத்துப் பார்த்திருக்கிறாயா அக்கா?"

வெள்ளைக்காலி திகைத்தாள். படுத்ததே இல்லை. சரி, பார்ப்போம் என்று உள்ளே போனாள். நாய்கள் வழக்கப்படி சுற்றிச் சுற்றி வந்து, சாக்கில் சுருண்டு படுத்தாள்.

கண்ணை மூடவில்லை, அதற்குள் அவள் பின்னங்கால் தானாக எழுந்து காதைச் சொறிந்தது. பிறகு வயிற்றை. பிறகு முதுகை. துள்ளி எழுந்து சாக்கை மூக்கால் கிளறினாள். மடிப்பெல்லாம் கடுகு தெறிக்கிற மாதிரி குதித்தன, தெள்ளுப்பூச்சிகள்!

"ஐயோ, என் தங்கமே! உன்னைக் கொண்டுபோய் இதிலா போர்த்திப் படுக்க வைத்தேன்!"

நரி அதற்குள் சாக்கின் நுனியைக் கவ்வியிருந்தது.

"தம்பி, விடு! சாபமும் இல்லை, ஆடும் இல்லை. சாக்கு முழுக்கத் தெள்ளுப்பூச்சி!"

நரி சிரித்தது. "சரிதான்! கொடுக்கிற நேரத்தில் மனசு வரவில்லையாக்கும்? என்னிடமே கதை கட்டுகிறாயா?" என்று சொல்லிவிட்டு, சாக்கை இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டம்.

வெள்ளைக்காலி பொந்தைப் பெருக்கித் தள்ளினாள். வெயிலில் காய்ந்த புல்லையும் வேப்பிலையையும் பரப்பினாள். சுண்டுவை ஓடையில் முக்கி எடுத்தாள். மறுபடி வேப்பிலை பூசினாள். பூச்சி விழுகிறதா என்று தினமும் படுக்கையை உதறிப் பார்த்தாள். முதலில் தான் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் படுக்க வைத்தாள்.

மெல்ல மெல்லச் சொறிகிற சத்தம் குறைந்தது. ஒரு நாள் காலை காடு அமைதியாக விடிந்தது. அந்த அமைதியில் பயந்துபோய் வெள்ளைக்காலி பிள்ளையை உலுக்கி எழுப்பினாள்.

"தூங்க விடேன் அம்மா!" என்றான் சுண்டு.

பனி போய் வெயில் வந்தபோது நரியும் வந்தது. வாலில் பாதி முடி இல்லை. வந்ததும் மரத்தில் முதுகை வைத்துத் தேய்த்தது.

"அக்கா, அரிப்பு தாங்கவில்லை. என்ன மருந்து?"

"வேப்பிலை தருகிறேன், தம்பி. முதலில் சொல். எதில் படுக்கிறாய்?"

"உன் சாக்கில்தான்."

"காரணம் அந்தச் சாக்கு என்று சொன்னதே நீதானே?"

"அது பொய் அக்கா! சும்மா சொன்ன பொய்!"

"அது உனக்குத் தெரியும்" என்றாள் வெள்ளைக்காலி. "தெள்ளுப்பூச்சிக்குத் தெரியாதே!"

நீதி: மருந்தைத் தேடி ஊரெல்லாம் ஓடும் முன், காரணத்தைத் தேடி வீட்டுக்குள் பார்.