காஞ்ச ஏரியில தெப்பம்

ஒரு ஊர்ல ஒரு படகு கிளப்பு. ஏரி இருந்துச்சு, அந்தக் கோடையில தண்ணிதான் இல்லை. ம் கொட்டு, அப்போதான் கதை நகரும்.

"ம்."

வருஷா வருஷம் கோடை லீவுக்கு அந்தக் கிளப்பு தெப்பம் விட்டுக் கொண்டாடும். காலி ட்ரம்மைக் கட்டி, மேல பலகை அடிச்சு, ஒண்ணுல ஊஞ்சல், ஒண்ணுல பஜ்ஜிக் கடை, இன்னொண்ணுல கல்யாண மண்டப வளைவே நிக்கும். அம்புட்டு ஆடம்பரம். அவங்களுக்கு ஒரே சட்டம்: தெப்பத்துல ஏறினா எதிர்க்கரை தொடாம இறங்கக் கூடாது.

அப்போ மனை விக்கிற நாச்சிமுத்து வந்தான். "இந்த லீவுல தெப்பம் விடலைன்னா, ஏரியில மண்ணைக் கொட்டி மனை போட்டுடுவேன்"னான். ஊர்ப் பெரியவங்களும் தலையை ஆட்டிட்டாங்க. ஆட்டறதுக்குன்னே சில தலை இருக்கு.

கிளப்புத் தலைவி செங்கமலம் அதைக் கேட்டுட்டு சும்மா இருக்கலை. அவ நீச்சல் பழகின ஏரி அது. "ஏறுங்க எல்லாரும்"னா. காஞ்ச ஏரி நடுவுல தெப்பத்தை இழுத்துப் போட்டு ஏறி உக்காந்துட்டாங்க. துடுப்பால மண்ணைத் தள்ளினாங்க, சரக் சரக்னு.

முதல்ல நாச்சிமுத்து வந்து சிரிச்சான். "தண்ணி எங்கம்மா?"

"வந்துட்டு இருக்கு. ஓரமா நில்லுங்க, அலை அடிக்கும்."

அப்புறம் மண் லாரி வந்துச்சு, பாம் பாம்னு. "மனுஷங்க மேலயா கொட்டுவே?"ன்னு கேட்டா செங்கமலம். டிரைவர் நாலு பஜ்ஜி தின்னுட்டுத் திரும்பிப் போயிட்டான்.

மூணாவது வந்தது வெயில். அது பஜ்ஜிக்கு மசியலை. குடிதண்ணி தீர்ந்துது. ஊஞ்சல் தெப்பத்துல இருந்த கோமளா மெதுவா ஒரு காலைக் கீழே இறக்கப் பார்த்தா. "காலைத் தூக்குடி, இன்னும் கரை வரலை"ன்னா செங்கமலம். அவளுக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். ஆனா இறங்கலை. தூங்கிட்டியா?

"...ம்ஹூம்."

அப்போ நாச்சிமுத்து, இவங்களை இழுத்து இறக்கறேன்னு காரையே ஏரிக்குள்ள ஓட்டிட்டு வந்தான். கதவைத் திறக்கறான், வானம் கருக்குது. டமார், சடசட, கோடை மழை. மலையில பெஞ்ச தண்ணியும் ஓடை வழியா குபுகுபுன்னு இறங்குது. தெப்பம் அசைஞ்சு, ஆடி, எழும்பிடுச்சு. கார் எங்க எழும்பும்? நாச்சிமுத்து அதோட கூரை மேல ஏறி நின்னு, "அம்மா, ஏத்திக்கோங்க"ன்னு கத்தறான்.

செங்கமலம் துடுப்பை உடனே நீட்டலை. "இது மனையா, ஏரியா?"

"ஏரி."

"சத்தமா. கரையில நிக்கிற ஊர்ப் பெரியவங்களுக்குக் காது மந்தம்."

"ஏரிம்மா, ஏரி."

அப்புறம்தான் நீட்டினா. அவனையும் ஏத்திக்கிட்டு, எதிர்க்கரை தொட்டப்புறம்தான் செங்கமலம் காலைக் கீழே வெச்சா.

தெப்பம் கரை சேர்ந்தாச்சு, கதையும் சேர்ந்தாச்சு. கண்ணை மூடு.