கால் அணாவுக்கு நாலு எதிரிகள்

கூத்தம்பட்டியில் குயில் சவுண்ட் சர்வீஸ் என்று ஒரு கடை. அதற்கு நாலு பங்குதாரர்கள்: குப்பண்ணன், நாச்சிமுத்து, வெள்ளியங்கிரி, சென்னியப்பன். நாலு பேரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், தொல்லையே அங்கேதான். சத்தம் அடுத்த ஊர் வரைக்கும் கேட்க வேண்டும் என்று தர்மகர்த்தா சொன்னார் என்பதற்காக, குழாய் ஸ்பீக்கரை அடுத்த ஊரிலேயே கட்டிவிட்டு வந்தவர்கள் இவர்கள்.

இந்த நாலு பேரில் சென்னியப்பனுக்கு, எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் மல்லீஸ்வரி மேல் பிரியம். அவளுக்கும் அப்படியே. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

மல்லீஸ்வரியின் அப்பா ஆறுக்குட்டி, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய காசு சேர்ப்பதுதான் அவருக்கு உயிர். கால் அணாக் காசுகளை வருஷ வாரியாக ஆல்பத்தில் வைத்திருந்தார். அதில் ஒரே ஒரு வருஷத்துக்கான இடம் மட்டும் பல் போன மாதிரி காலியாக இருந்தது. ஆடி முடிவதற்குள் அந்தக் காசைக் கொண்டு வந்தால் ஆவணியில் கல்யாணம், இல்லையென்றால் கரூரில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் பையன் வீட்டுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று சென்னியப்பனிடம் முகத்துக்கு நேரே சொன்னார். போனிலேயே ஏலம் எடுக்கலாம் என்று வழியும் சொன்னார்.

யோசனைகள் நாலு கொடுத்தார். தரம் போட்ட காசு வேண்டாம். அதைக் கம்பெனிக்காரன் சோதித்து, எண் போட்டு, டப்பாவில் அடைத்து யானை விலை சொல்வான். தரம் போடாததை வாங்கு. ஆனால் ஏமாறாமல் இருக்க, படத்தைப் பெரிசு பண்ணிப் பார். ஏலத்தில் பாதியில் விட்டுவிட்டு வராதே. வந்த காசில் தண்ணீர் படக் கூடாது, கழுவினால் மதிப்புப் போய்விடும்.

அன்று கடையில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"தரம் போடாத காசுன்னா என்னங்கடா?" என்று கேட்டான் வெள்ளியங்கிரி.

"பரீட்சைக்கே போகாத காசுன்னு அர்த்தம்," என்றார் குப்பண்ணன். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர் என்பதால் கடையில் அவர் சொல்தான் கடைசி. "நம்ம நாச்சிமுத்து மாதிரி."

"அப்ப அது ஃபெயில் இல்லீங்களா?"

"எழுதினாத்தானே ஃபெயிலாகறதுக்கு."

நாச்சிமுத்துவுக்கு அந்த நிமிஷமே அந்தக் காசின் மேல் சொந்தத் தம்பி போல ஒரு பாசம் வந்துவிட்டது.

ஏலத் தளத்தில் தேடினார்கள். அதே வருஷத்துக் காசு, படம் கொஞ்சம் மங்கல். பெரிசு பண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தாரே, ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்ப் பத்தடிக்குப் பத்தடி அச்சடித்துப் பேருந்து நிறுத்தத்தில் கட்டிவிட்டார்கள். அதில், காசில் பதித்திருந்த ராணியின் மூக்கே ஒரு முழம் இருந்தது. வெள்ளியங்கிரி ஏணியில் ஏறி, கன்னத்தில் ஒரு கோடு இருக்கிறது என்று அறிவித்தான். அது கீறலா, வயசானதால் வந்த சுருக்கமா என்று கீழே மூன்று பேரும் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். அதற்குள் ஊர்ப் பெரிய மனுஷி யாரோ காலமாகிவிட்டதாக நினைத்து இரண்டு பேர் மாலை போட்டுவிட்டுப் போனார்கள்.

ஏலம் சனிக்கிழமை காலையில். மஞ்சள் மண்டியில் ஏலம் பார்த்தவர்கள், குரல் எடுபட்டால்தான் ஏலம் எடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும். தொழிலும் கைவசம் இருக்கிறது. போனை நாற்காலியில் நிறுத்தி, எதிரே நாலு பெட்டி ஸ்பீக்கரை வைத்து, குப்பண்ணன் மைக்கில் "முன்னூறு" என்றார். போன் பதில் சொல்லவில்லை. "நானூறு" என்றார். தெருவில் இருந்த கோழிகள் ஓடின. காசு யாரோ ஒருவருக்கு இருநூற்றைம்பதுக்குப் போய்விட்டது. நாங்கள் நானூறு சொன்னோமே, இது அநியாயம் என்று நாச்சிமுத்து மைக்கிலேயே அழுதான்.

பட்டனை அமுக்க வேண்டும் என்று மல்லீஸ்வரி வந்து சொல்லிக் கொடுத்தாள். சொல்லிவிட்டுச் சென்னியப்பனைப் பார்த்தாள். ஆடி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

நல்ல வேளையாக அதே விற்பனைக்காரர் அதே மாதிரி இன்னொரு காசை ஏலத்துக்கு விட்டார். இந்த முறை தோற்கக் கூடாது என்று குப்பண்ணன் திட்டம் போட்டார். ஒருவன் கேட்டே கிடைக்காமல் போகலாம், நாலு பேர் நாலு போனில் கேட்டால் எப்படிக் கிடைக்காமல் போகும்? சிக்னல் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க ஒருவர் தண்ணீர்த் தொட்டி மேல், ஒருவர் பஸ் நிறுத்தத்தில், ஒருவர் சுடுகாட்டுச் சுவரில், ஒருவர் கடையில் என்று பிரிந்து உட்கார்ந்தார்கள்.

இருநூறில் தொடங்கியது. தொள்ளாயிரத்தில் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சண்டை சூடு பிடித்தது. யாரோ நாலு பேர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். இவர்கள் ஆயிரம் ஏற்றினால் அவர்களும் ஆயிரம் ஏற்றினார்கள். பாதியில் விடக் கூடாது என்பது மாமனார் வாக்கு. நாலு பேரும் விடவில்லை. கடைசியில் நாற்பத்தோராயிரத்துக்குக் காசு சென்னியப்பனுக்கு வந்தது. மற்ற மூன்று பேரின் போனிலும் சரியாக அந்த நேரத்தில் சார்ஜ் தீர்ந்திருந்தது, அது தெய்வச் செயல்.

எதிரிகள் யார் என்று தளத்தில் பார்த்தார்கள். பெயர் போடாமல், ஏலம் கேட்டவர்களின் போன் எண்ணில் கடைசி நாலு இலக்கம் மட்டும் போட்டிருந்தது. தொள்ளாயிரத்துக்கு மேல் போன நாலு எண்களையும் குப்பண்ணன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். எவனுக்குத்தான் தன் நம்பர் தனக்கு ஞாபகம் இருக்கிறது, அவனவன் தனக்குத்தானே போன் பண்ணுகிறானா என்ன?

பணத்துக்கு ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கர்களையும் விற்றார்கள். கடைசி ஸ்பீக்கர் வண்டியில் ஏறியபோது நாலு பேரும் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே நடந்தார்கள். ஆனாலும் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இவர்களை எவ்வளவு கேலி செய்தாலும், இந்த இடத்தில் எனக்கு வாய் வருவதில்லை.

தபாலில் வந்த காசு கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. ஃப்ளெக்ஸில் பத்தடி இருந்ததே, மீதியை எப்போது அனுப்புவார் என்று வெள்ளியங்கிரி கேட்டான். தவணையில் வரும் என்றார் குப்பண்ணன்.

ஆடி கடைசி நாளில் ஆறுக்குட்டி வீட்டுக்குப் போனார்கள், அன்று நல்ல மழை. காசில் தண்ணீர் படக் கூடாதே, இருந்த ஒரே குடையைக் காசுக்குப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் தொப்பலாக நனைந்து போய் நின்றார்கள். ஆறுக்குட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தார். அசல் காசு, கழுவாத காசு. முகம் மலர்ந்தது. விலையைக் கேட்டார். சொன்னார்கள். லென்ஸ் கை நழுவி மடியில் விழுந்தது.

"நாலு பேரு மாமா," என்றான் சென்னியப்பன். "கடைசி வரைக்கும் பின்னாடியே வந்தானுங்க. நாங்க விடலீங்க."

பெரியவர் லென்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். மல்லீஸ்வரிதான் பேசினாள்.

"ஏனுங்கப்பா, ஒரு கால் அணாவையே இத்தனை பாடுபட்டுக் கொண்டாந்தவரு, என்னைய விட்டுருவாருங்களா?"

பெரியவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். ஆவணி பதினொன்றாம் தேதி கல்யாணம் என்று முடிவாயிற்று. சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று ஆல்பத்தை மண்டபத்தில் வைப்பதாகவும் சொன்னார்.

அங்கேதான் குப்பண்ணனுக்குக் கவலை பிடித்தது. நாற்பதாயிரம் வரை துரத்தியவர்கள் மண்டபத்துக்கு வராமல் இருப்பார்களா? காசைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கல்யாணமே நின்றுவிடுமே? அதனால் முகூர்த்தத்தன்று வாசலில் மேசை போட்டு நாச்சிமுத்துவை உட்கார வைத்தார். வருகிறவர்கள் எல்லோரும் கடைப் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். எண் நோட்டில் இருந்தால் ஆளைப் பிடித்துச் சமையல் சாமான் அறையில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். முன்னூறு பேர் வந்தார்கள், ஒருவரும் சிக்கவில்லை.

"நாமளும் குடுக்கோணும்," என்றான் வெள்ளியங்கிரி. "ஊருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?"

நியாயம்தானே என்று முதலில் நாச்சிமுத்து கொடுத்தான். எண் நோட்டில் இருந்தது.

"அடப்பாவி, நீயா?" என்றார் குப்பண்ணன்.

"எனக்கே இப்பத்தானுங்க தெரியும்," என்று நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு தானாகவே சாமான் அறைக்குப் போனான். அடுத்து வெள்ளியங்கிரி போனான். அதற்கடுத்துக் குப்பண்ணன் தன்னைத்தானே சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். செய்தி கேட்டு மணமேடையிலிருந்து ஓடி வந்த சென்னியப்பன், நோட்டில் மிச்சமிருந்த ஒரே எண்ணைப் பார்த்தான், கடைப் போனுக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தான், ஒரு பெருமூச்சு விட்டான்.

மேடையில் ஐயர் மூன்றாம் முறையாக மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆறுக்குட்டியின் போன் அடித்தது.

"மாமா, நாலு பேரும் வசமாச் சிக்கிட்டானுங்க," என்றான் சென்னியப்பன் சாமான் அறைக்குள்ளிருந்து. "நானே கூட நின்னு, உள்பக்கம் தாழ் போட்டுக் காவல் காக்கறேன். இனி ஒரு பயமும் இல்லீங்க, நீங்க தைரியமாத் தாலியைக் கட்டச் சொல்லுங்க."