கத்தரிச்செடிக்கு மூச்சு வந்த கதை

வெண்டலைப்பட்டியில் கொண்டல், ஒச்சு, தவசி என்று மூன்று நண்பர்கள் இருந்தார்கள். மூவருக்கும் அறிவு உண்டு. அவசரத்துக்கு உதவும் என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள்; வைத்த இடம்தான் மறந்துபோயிற்று.

கொண்டலுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மனைவி முத்துக்கிளி கொல்லையில் ஒன்பது கத்தரிச்செடி வளர்த்தாள். அக்காவின் பிரசவத்துக்காகப் பத்து நாள் ஊருக்குக் கிளம்பியவள், பையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

“மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா தண்ணி ஊத்தாதீங்க. திரும்பி வரும்போது செடி செத்துக் கிடந்துச்சு, வந்த பஸ்ஸிலேயே போயிருவேன்.”

முத்துக்கிளி சொன்னால் சொன்னபடி செய்கிறவள். கொண்டல் துணைக்கு நண்பர்களைக் கூப்பிட்டான்.

மூவரும் முதல் செடியின் அடியில் விரலை விட்டார்கள். ஈரம். ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. விரல் சேறாகிவிட்டதால், ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் மொண்டு அங்கேயே கையை மட்டும் கழுவினார்கள். அழுக்கு விரலோடு அடுத்த செடியிடம் போவது மரியாதை இல்லையே.

ஒன்பது செடி. மூன்று பேர். நாளைக்கு மூன்று வேளை.

“நாலு நாளா ஊத்தவே இல்ல, இன்னும் சதசதன்னு இருக்கே” என்றான் ஒச்சு.

“அடியில ஊத்து இருக்கும் மாப்ளே” என்றான் தவசி, கையைக் கழுவிக்கொண்டே.

ஐந்தாம் நாள் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. கொண்டல் ஓடிப்போய், நாற்று விற்கும் இருளாயியை அழைத்து வந்தான். கொல்லையில் வைத்த அவள் கால் கணுக்கால்வரை புதைந்தது.

“தண்ணியில முழுகி வேரு மூச்சுத் திணறுதுய்யா. இப்பிடியே விட்டா செத்துரும்” என்று காலை உருவிக்கொண்டு போனாள்.

முழுகியவரைத் தலைகீழாகத் தோளில் போட்டு ஓடினால் குடித்த தண்ணீர் வெளியே வரும் என்பது மூவருக்கும் தெரியும். ஆளுக்கு மூன்று செடி பிடுங்கினார்கள். ஓடப்போகும் நேரத்தில் தவசி நின்றான்.

“தலைகீழான்னா, இதுக்குத் தலை எது?”

“மேல இருக்கிறதுதான்” என்றான் ஒச்சு.

“சாப்பிடுறது எது வழியா?”

“வேர் வழியா.”

“மூச்சு விடுறது?”

“அதுவும் வேர்தான். இப்பத்தானே அந்தம்மா சொல்லிட்டுப் போகுது.”

“வாயும் மூக்கும் இருக்கிற இடம் தலையா, காலா?”

கொண்டல் கையிலிருந்த செடியின் வேரைத் தடவிக்கொடுத்தான். நட்ட நாளிலிருந்து அந்த ஜீவன்கள் தலையை மண்ணில் புதைத்துக்கொண்டு, காலை ஆகாயத்தில் நீட்டியபடி நின்றிருக்கின்றன.

“முத்துக்கிளிகிட்ட சொல்லிராதீங்கடா. மனசு ஒடிஞ்சு போவா” என்றான்.

வேர்களைக் கீழே தொங்கவிட்டுக் கோயிலை மூன்று சுற்று ஓடினார்கள். சேற்றுத் தண்ணீர் சொட்டியது. “நல்லாக் கக்குது” என்றான் ஒச்சு. பிறகு செடிகளை நேராக நட்டார்கள்: இலை மண்ணுக்குள், வேர் வெளியே.

பத்தாம் நாள் முத்துக்கிளி வந்தாள். கொல்லையில் ஒன்பது வேர்கள் துடைப்பம்போல நின்றன. பையோடு திரும்பி நடந்து, அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

கொண்டல் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். நண்பர்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

“செத்தாத்தானே போவேன்னு சொன்ன? இதுக்கு உயிர் இருக்கு. நம்பலைன்னா கண்டக்டரையே கேளு” என்று வேரைக் கண்டக்டரின் காதருகே நீட்டினான்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டார்.

“மூச்சு வருதும்மா. ஆனா நெஞ்சுல சளி கட்டியிருக்கு.”

முத்துக்கிளி கண்டக்டரைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். இந்த பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகவேண்டும். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவர்கள் வீடு சேர்வதற்குள் ஒச்சுவும் தவசியும் முந்திக்கொண்டார்கள். கொல்லையில் கம்பளி விரித்து மூடியிருந்தது. உள்ளே நொச்சித்தழை போட்ட வெந்நீர் அண்டா. எட்டு வேர்களுக்கும் நடுவில் ஒச்சு உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தான்:

“மூஞ்சியைத் திருப்பாம ஆவியை நல்லா இழுங்க.”