நனையாத கை

இருபத்தாறு வருஷம் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்திவிட்டு, ஐம்பத்து மூன்றாம் வயதில் கல்லூரியில் பாடம் நடத்த வந்தவர் இருதயராஜ். ஊடகவியல் விடைத்தாள் திருத்தும் முகாம் அவருக்கு இதுதான் முதல் தடவை. தலைமைத் தேர்வாளர் செண்பகவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல் நாளே அவரிடம் போய், "இந்த வேலை எனக்குப் புதுசு மேடம். தப்புன்னா தயங்காம சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை செண்பகவல்லி ஒரு தாளோடு வந்தார்.

"பதினோராவது கேள்விக்கு, பத்துக்கு ரெண்டு போட்டிருக்கீங்க சார்."

கேள்வித்தாளில் ஒரு சலவைத்தூள் விளம்பரப் படம். அதில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்று ஆராய வேண்டும். விடை மூன்றே வரி: 'வாளி நிறைய நுரை. அவள் கையும் சேலையும் நனையவில்லை. அவள் துவைக்கவே இல்லை, சிரிக்க மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.'

"விடைக்குறிப்புல அஞ்சு கலைச்சொல் இருக்கு. இதுல ஒண்ணுகூட இல்லையே மேடம்."

"மொத்தம் முப்பத்தேழு வருது. பாஸாக நாற்பது வேணும்."

"பாவம் பாத்துப் போடச் சொல்றீங்களா? அது மட்டும் என்னால முடியாது."

"போட்டா நானே விடமாட்டேன்" என்றார் செண்பகவல்லி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். "இதே கேள்விக்கு நீங்க பதில் எழுதுங்க."

இருதயராஜ் சளைக்கவில்லை. பத்தே நிமிஷத்தில் ஒரு பக்கம் எழுதினார். ஐந்து கலைச்சொற்களும் வந்திருந்தன.

செண்பகவல்லி ஒரு வரியை வாய்விட்டுப் படித்தார். "'சலவையில் கை ஓய்ந்துபோன இல்லத்தரசி...' படத்தைப் பாத்தீங்களா சார்?"

"விளம்பரம்தானே மேடம். எத்தனை பாத்திருக்கேன்."

செண்பகவல்லி கேள்வித்தாளை நீட்டினார். இருதயராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கஞ்சி போட்ட சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. முழங்கைவரை ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்த விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்தார் இருதயராஜ். சிவப்புப் பேனாவால் அந்த இரண்டை அடித்தார். திருத்தி முடித்த கட்டை இழுத்துப் பிரித்தார்.

"முப்பது தாளையும் முதல்லேர்ந்து பாத்துடுறேன். இதுக்கு மட்டும் எத்தனைன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்."

செண்பகவல்லி அவர் எழுதிய பக்கத்தை அவர் முன்னால் நகர்த்தினார்.

"முதல்ல இதுக்குப் போடுங்க சார்."