நாற்பத்தேழாம் நம்பர் கோதுமை

பொன்னுதுரை அண்ணாச்சி கோதுமை கேட்டு வந்தவர். வந்தவர் திரும்பிப் போகாமல் எட்டு வருஷம் இருந்துவிட்டார்.

மலை ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருக்கு ஒரு பேக்கரி. அடுக்கடுக்காக உதிர்கிற வர்க்கியும் பிஸ்கட்டும் போடுவார். கீழேயிருந்து லாரியில் வருகிற மைதா முரட்டு மாவு. பரோட்டாவுக்கு இழுத்த இழுப்புக்கு வரும், வர்க்கிக்கு ஆகாது. கடித்தால் பல்லோடு மல்லுக்கு நிற்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். ஊருக்கு மேலே முத்துநாச்சியார் டீச்சர் ஒரு கோதுமைப் பண்ணை வைத்து, புது ரகங்கள் உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அங்கேயே வந்துவிட்டார் அண்ணாச்சி.

"மிருதுவா மாவு தர்ற வெள்ளைக் கோதுமை இருக்கா டீச்சர்?"

"இல்லையே அண்ணாச்சி. உண்டாக்கணும்."

"யாரு உண்டாக்கணும்?"

"யாருக்கு வேணுமோ அவங்க."

டீச்சருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அண்ணாச்சிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மனுஷன் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு மறுவாரமே டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார். பண்ணையில் தராசு என் பொறுப்பு, பேச்சியம்மாள் என்று பெயர். பத்து நாள் தாங்காது இந்த ஆள் என்று நான்தான் முதலில் சொன்னேன். என் வாயில் மண்.

இரண்டு கோதுமைகளைக் கலப்பது சாமானிய வேலை இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூவைத் திறந்து, அதற்குள் இருக்கும் மூன்று மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். காகித உறை மாட்டி, இரண்டு நாள் கழித்து வேறு கோதுமையின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். முதல் வருஷம் அண்ணாச்சிக்குக் கை நடுங்கியது. அடுத்த வருஷம் நடுங்கவில்லை. அப்புறம் வருஷா வருஷம் விதைப்பதும், பார்ப்பதும், பெரும்பாலானதைப் பிடுங்கி எறிவதும்தான்.

ஏழாவது வருஷம் அவர் கையில் நாற்பத்தேழாம் நம்பர் இருந்தது. கடுங்குளிர் இல்லாமலே கதிர் விடுகிற கோதுமை. தை மாதம் விதைத்தால் வைகாசியில் அறுக்கலாம். மணி வெள்ளை வெளேரென்று இருக்கும். மாவைக் கிள்ளினால் விரலில் இருப்பதே தெரியாது. "எம் பிள்ளை" என்றுதான் அதைப் பற்றிப் பேசுவார்.

ஆனால் பண்ணையில் ஒரு விதி உண்டு. மலைக்காரர்கள் விதைக்கிற பழைய கோதுமையைவிடக் கூடுதலாக விளைந்தால்தான் புது ரகத்தின் விதை வெளியே போகும். இல்லையென்றால் அத்தோடு முடிந்தது. யார் பிள்ளையாக இருந்தாலும் சரி.

சோதனைக்கு ஐந்து கோதுமைகள். பழையது ஒன்று, அண்ணாச்சியுடைய நாற்பத்தேழு, ஆள் எண்ணிக்கைக்குச் சேர்த்த மாதிரி இன்னும் மூன்று. ஒவ்வொன்றும் நாலு பாத்தி, ஆக இருபது. எது எந்தப் பாத்தியில் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம். டீச்சர் அதில் ரொம்பக் கறார்.

வைகாசியில் அறுத்தோம். நான் நிறுத்தேன். நாற்பத்தேழுதான் முதல். பழைய கோதுமை பக்கத்தில்கூட வரவில்லை.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் அந்த மாவில் வர்க்கி போட்டுக் கொண்டுவந்தார். வாயில் வைத்ததும் கரைந்தது. நான் நாலு தின்றேன், பொய் சொல்லக் கூடாது, ஆறு. டீச்சரும் இரண்டு தின்றுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அருமை அண்ணாச்சி. இன்னொரு வருஷம் பார்ப்போம்."

அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. "எதுக்கு டீச்சர் இன்னொரு வருஷம்? பேச்சி நிறுத்ததுல தப்பா?"

"பேச்சி நிறுத்தது சரி."

"தண்ணியில தப்பா?"

"தண்ணியும் சரி. வாங்க, காட்டுறேன்."

அறுத்த வயலுக்குப் போனோம். தரையெல்லாம் மணி சிந்திக் கிடந்தது. கம்பியில் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"போன மாசமெல்லாம் எங்க நிப்பீங்களோ அங்க போய் நில்லுங்க."

அண்ணாச்சி நேராகத் தன்னுடைய பாத்திக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் குருவிகள் இறங்கின. மற்ற பாத்திகளிலெல்லாம் கொத்திக்கொண்டு திரிந்தன. அவர் காலடியில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"அடுத்து எங்க போவீங்க?"

அவர் நடந்து இரண்டாவது நாற்பத்தேழுக்குப் போனார். அங்கேயிருந்த குருவிகள் கிளம்பி முதல் பாத்தியில் இறங்கின. மூன்றாவதுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. நாலாவதுக்குப் போகவில்லை. பாதி வழியில் நின்று தரையைப் பார்த்தார். அந்த நாலு பாத்தியைச் சுற்றித்தான் புல் இல்லாமல் மண் மழமழவென்று கிடந்தது. வேறு எதைச் சுற்றியும் புல் தேயவில்லை.

"கதிர் முத்துற மாசம் முழுக்க நான் குருவி விரட்டியிருக்கேன்" என்றார் மெல்ல. "எம் பிள்ளைக்கு மட்டும்."

நானும் அந்த மாசம் முழுக்க அங்கேதான் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை பாருங்கள். அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். அப்புறம் எங்களால் நிறுத்த முடியவில்லை, வயிறு வலித்துப்போனது.

"அடுத்த வருஷம் நான் வயல் பக்கமே வரல டீச்சர்."

"வராம இருக்க முடியுமா?"

அவர் யோசித்தார். "முடியாது."

"அப்ப வாங்க. இருபதுலயும் நில்லுங்க. ஒண்ணுக்கு எவ்வளவு நேரமோ மத்ததுக்கும் அவ்வளவு."

அடுத்த தையில் மறுபடி சீட்டுக் குலுக்கி விதைத்தோம். அண்ணாச்சி பேக்கரியிலிருந்து அடுப்புக்கு வைக்கிற கடிகாரத்தை எடுத்து வந்தார். பத்து நிமிஷம் ஆனால் மணி அடிக்கும். அடித்ததும் அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிடுவார். பழைய கோதுமை முன்னால் அவர் நின்ற அழகைப் பார்க்கணுமே, பிடிக்காத சம்பந்தி வீட்டில் காபிக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். போகப் போக அது மாறியது. அங்கேயும் குனிந்து இலையைப் புரட்ட ஆரம்பித்தார்.

பங்குனியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "பேச்சி, இந்தப் பன்னெண்டைக் கொஞ்சம் பாரேன்."

பன்னிரண்டாம் நம்பர் எண்ணிக்கைக்குச் சேர்த்த மூன்றில் ஒன்று. குட்டை. மணி வெள்ளைதான், கொஞ்சம் மங்கல். முதல் வருஷம் கை நடுங்க அவர் செய்த கலப்பிலிருந்து வந்தது.

"என்ன அண்ணாச்சி இதுல?"

"அடி இலையைப் பாரு. ஊரெல்லாம் துரு நோய் விழுந்து இலை மஞ்சப் பொடி பூசிக் கிடக்கு. இதுல ஒரு பொட்டு இல்ல. இம்புட்டு நாளா இது இங்கயா இருந்துச்சு?"

மணி அடித்தது. மனசே இல்லாமல் அடுத்த பாத்திக்குப் போனார்.

சித்திரை கடைசியில், கதிர் பழுத்து அறுக்கத் தயாராக நிற்கிறபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் காலையில் வயலுக்குப் போனோம். அண்ணாச்சி நாற்பத்தேழில் ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தார். கதிரிலேயே மணிகள் முளைத்துவிட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை நூல் மாதிரி வேர் நீட்டியிருந்தது. அடுத்த கதிரும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். முளைத்த கோதுமையை அரைத்தால் மாவு பசையாகிவிடும் என்று ஒரு பேக்கரிக்காரருக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மணி அடித்தது. அவர் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கதிரை மெதுவாக விட்டுவிட்டு, அடுத்த பாத்திக்குப் போய் நின்றார்.

அடுத்த பாத்தி பன்னிரண்டு. அதில் ஒரு மணிகூட முளைக்கவில்லை.

அறுத்து, காயவைத்து நிறுத்தேன். பன்னிரண்டு பழைய கோதுமையை முந்திவிட்டது. நாலு பாத்தியிலும் முந்தியது, நான் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு கடைசிக்கு முந்தின இடம்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி பன்னிரண்டில் வர்க்கி போட்டார். தட்டை வைத்துவிட்டு எங்கள் முகத்தையே பார்த்தார். மொறுமொறுவென்று அடுக்கடுக்காக உதிர்ந்தது. நாற்பத்தேழு மாதிரி கரையவில்லை, ஆனாலும் நல்ல வர்க்கி. மலையில் இதுவரைக்கும் யாரும் அப்படித் தின்றிருக்க மாட்டார்கள். டீச்சர் நாலாவதை எடுத்தார்.

"விதை குடுக்கலாம் அண்ணாச்சி. தைக்கு மலையெல்லாம் விதைக்கட்டும்."

அண்ணாச்சிக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில்தான். அதைத் துடைக்கவும் இல்லை.

"ஏழெட்டு வருஷமா பக்கத்துலயே நின்னிருக்கு டீச்சர். நான் திரும்பிப் பாக்கல."

"இப்பப் பாத்துட்டீங்கள்ல."

அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் போகவில்லை. உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். போன வருஷத்து நாற்பத்தேழு, முளைக்காத நல்ல விதை, மூன்று படி இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

"விதின்னா விதிதான். இதை அரைச்சுக் கடைசியா ஒரு வர்க்கி போட்டு முடிச்சிரவா டீச்சர்?"

டீச்சர் டப்பாவை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். விதை அலமாரியைத் திறந்து, பன்னிரண்டாம் நம்பர் டப்பாவை நகர்த்தி, அதை ஒட்டி இதை வைத்தார்.

"நல்லா இருக்கே அண்ணாச்சி. இவளை அரைச்சுத் தின்னுட்டா, நாளைக்குப் பன்னெண்டுக்கு எங்க போய்ப் பொண்ணு பாப்பீங்க?"