பின்னறைத் தாழ்ப்பாள்

கர்... கர்... என்று மரத்தைச் சுரண்டும் சத்தம்.

விளக்கு வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அமலோற்பவம் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

எலி இல்லை. எலி இப்படி நிறுத்தி நிறுத்திச் சுரண்டாது.

பின்னறைப் பக்கம் போனாள். அவள் காலடி கேட்டதும் சத்தம் நின்றுவிட்டது. வெளித் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டது போட்டபடி இருந்தது.

"என்ன பண்றே?" என்றாள்.

உள்ளே இருந்தது அவள் பெற்ற ஒரே பிள்ளை. பதினாறு வயது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஆல்வின். பிள்ளை தன் நோட்டுகளில் எல்லாம் செலின் என்று எழுதியிருந்தது. நான் பெண்தாம்மா என்று பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் சொன்னது. அமலோற்பவம் அழுதாள். பிறகு எழுந்து சோறு போட்டாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டும் நாக்கு எழவில்லை.

கணவன் துபாயில் இருந்தான். அவன் தம்பி லூர்து, இது கெட்ட ஆவி, ஜெபவீட்டில் நாற்பது நாள் கட்டிப்போட்டால் இறங்கிவிடும் என்றான். தம்பி சொல்றபடி செய் என்று கணவனும் போனை வைத்துவிட்டான். வாசல் கதவின் இன்னொரு சாவி லூர்துவிடம் இருந்தது. சனிக்கிழமை சாயந்தரம் வேனோடு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

நாளைக்குச் சனிக்கிழமை.

ஒரு மாதமாகப் பொழுது சாய்ந்தால் அவள் பின்னறைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள். பிள்ளையை யாரும் தூக்கிப்போகக் கூடாது. பிள்ளையும் பயந்துபோய் எங்கேயும் ஓடிவிடக் கூடாது.

*

மறுநாள் காலையில் வக்கீல் மாதங்கியின் மாடி அறைக்குப் போனாள்.

மாதங்கி திருநங்கை. அமலோற்பவத்தைவிட ஏழு வயது இளையவர். முதல் நாள் அவர் அதிகம் பேசவில்லை. திருநருக்காகச் சட்டசபையில் புதிதாக நிறைவேறிய சட்டத்தின் சின்ன நீலப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, படிங்க அக்கா என்று மட்டும் சொன்னார். நாலு சனிக்கிழமையாக அமலோற்பவம் படித்துக்கொண்டு வந்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் பிரிவும் மனப்பாடம். ஆனா பயம் போகலையே மேடம். சட்டம் காப்பாத்தும்னுதானே சொன்னீங்க?"

"சொல்லுங்க, கேப்போம்."

அமலோற்பவம் எழுந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் முன்னால் நின்ற அதே நிற்பு. முதல் பிரிவிலிருந்து ஆறாம் பிரிவு வரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். படிப்பு, வேலை, வாடகை வீடு, ஆஸ்பத்திரி, காவல் நிலையம்.

மாதங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கான்வென்ட்டுனு ராகமே காட்டிக்கொடுக்குது அக்கா. முடிஞ்சதும் ஆமென் உண்டா?"

அமலோற்பவமும் சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

மாதங்கி சிரிப்பை நிறுத்தினார். நேற்றே காவல் நிலையத்தில் மனு கொடுத்தாகிவிட்டது, வேன் தெருமுனையில் திரும்பும்போதே போன் செய்தால் போலீசோடு தானும் வந்துவிடுவதாகச் சொன்னார். "ஆனா வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் என்ன செய்வீங்க?"

"வாசல்ல நின்னு ஏழாம் பிரிவைச் சொல்வேன்."

"பிள்ளை எங்கே இருக்கும்?"

"பின்னறையில. பத்திரமா வெளியே தாழ்ப்பாள் போட்டிருப்பேன்."

மாதங்கி எழுந்தார்.

பழைய கட்டுகள் அடுக்கியிருந்த சிறிய உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, வெளித் தாழ்ப்பாளைப் போடுங்க."

"மேடம்?"

"போடுங்க."

போட்டாள்.

"இப்போ ஏழாம் பிரிவைச் சொல்லுங்க. எனக்கு இங்கே கேக்கணும்."

அமலோற்பவம் கதவுப் பலகையைப் பார்த்து உரக்கச் சொன்னாள். கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது.

"திருநர் எவரையும், அவர் விருப்பமின்றி, எந்தக் காரணத்தை முன்னிட்டும், பெற்றோரோ உறவினரோ அடைத்து..."

நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அவள் பாதியில் நின்றதில்லை.

"மறந்துபோச்சா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"இல்ல."

"அப்போ?"

அவள் திறந்தாள். மாதங்கி வேர்த்திருந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்க கொழுந்தன் வந்தா இதை எப்படித் திறப்பார்?"

அமலோற்பவம் தன் கையைப் பார்த்தாள்.

"இப்ப நான் திறந்த மாதிரிதான்."

மாதங்கி நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த கட்டைப் பிரித்தார்.

*

சாயந்தரம் பக்கத்து வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இரவல் வாங்கினாள்.

பின்னறைக் கதவிலிருந்து தாழ்ப்பாளையும் நிலையிலிருந்து அதன் கொண்டியையும் கழற்றினாள். ஒரு திருகு துருப்பிடித்து மக்கர் பண்ணியது. உள்ளங்கை கன்றிப்போனது. கட்டிலில் உட்கார்ந்திருந்த பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை எங்கே வைப்பது என்று பலகையில் கையால் தடவினாள்.

விரல் ஒரு துளையில் இறங்கியது.

குனிந்து பார்த்தாள். நான்கு துளைகள். மூன்று ஆழமாக இருந்தன. நாலாவது தொடங்கினதோடு நின்றிருந்தது. அதன் கீழே தரையில் புது மரத்தூள். தாழ்ப்பாளை வைத்துப் பார்த்தாள். நான்கும் அச்சாகப் பொருந்தின.

கட்டிலோரத்தில் ஜியோமெட்ரி பாக்ஸ் திறந்து கிடந்தது. காம்பஸின் முனை மழுங்கியிருந்தது.

"ராத்திரி சுரண்டினது இதுக்கா?"

"ம்."

"தப்பிச்சு ஓடத்தான்னு நினைச்சேன்."

"ஓடி எங்கே போக? பகல்ல வெளித் தாழ்ப்பாளை அளந்து வச்சேன். கழட்டி உள்பக்கம் மாட்டித் தரச் சொல்லிக் கேக்கலாம்னு."

"கேக்கவே இல்லையே."

"நீ எந்நேரமும் அந்தப் புக்கையே படிச்சிட்டு இருந்தியேம்மா."

அமலோற்பவம் திருகுகளைப் பொறுக்கி எடுத்தாள். பிள்ளை தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டது. அவள் திருகினாள். கொண்டியை நிலையில் மாட்டி முடிக்கவும் தெருமுனையில் ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது.

மாதங்கிக்குப் போன் செய்தாள். "வந்துட்டாங்க."

"கிளம்பிட்டேன் அக்கா. கால் மணி நேரம்."

வெளியே வந்து பின்னறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். வாசலில் சாவி நுழையும் ஓசை. மதினி, பையனை ரெடி பண்ணியாச்சா என்று லூர்துவின் குரல்.

அவள் இந்தப் பக்கத்துப் பலகையில், காலியாகக் கிடந்த திருகுத் தடங்களின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"செலின்" என்றாள்.

உள்ளே காலடி கதவருகே வந்தது. பிறகு, "அம்மா?"

"நானே கூப்பிட்டாலும், உனக்குத் தோணினாத்தான் திறக்கணும்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.