சுகோவ்காவின் இரண்டு ஸ்டேஷன்கள்

ஊரைப் பிடிக்க வீரம் போதும்; பிடித்த ஊரைக் காப்பாற்றத்தான் மூளை வேண்டும். சோவியத் படை சுகோவ்கா நகரத்தை ஜெர்மன்காரனிடமிருந்து பிடித்ததும், மூளை உள்ளவர்கள் எல்லாம் அடுத்த ஊரைப் பிடிக்கப் போய்விட்டார்கள். ஆகாயத்திலிருந்து குண்டு விழாமல் ஊரைக் காக்க மிஞ்சியவர்கள் கேப்டன் யெவ்ஸேய், சார்ஜென்ட் தராஸ், சிப்பாய் தெம்யான். கையில் இரண்டு பீரங்கி, ஒரு திட்டம்.

திட்டம் அருமையானது. ஊர் கைக்கு வருவதற்கு முன்பே தலைமையகத்தில் ஓர் அதிகாரி பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதியது. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்த கதைதான்.

காக்க வேண்டியது ரயில்வே ஸ்டேஷனை. அங்கே நின்ற பெட்டிகளில் குளிர்காலம் முழுக்க ஊரே சாப்பிட வேண்டிய கோதுமை மாவு இருந்தது. அது போனால் ஊர் பட்டினி. ஸ்டேஷன் மாஸ்டர் மார்ஃபா அந்தக் கவலையில் பெட்டிகளை மணிக்கொரு தரம் எண்ணிப் பார்த்தாள்.

திட்டத்தின் முதல் வரி: “தேவாலயக் கோபுர உச்சியில் ஒரு காவலாள் நிற்க வேண்டும்.” கோபுரம் இருக்கத்தான் இருந்தது. சண்டையில் சாய்ந்து, முட்டைக்கோஸ் தோட்டத்தில் நீட்டிப் படுத்திருந்தது.

“உச்சி எங்கே இருக்கு?” என்று கேட்டார் கேப்டன்.

“அதோ, அந்த ஆட்டுக்குப் பக்கத்துல, தோழர் கேப்டன்” என்றான் தராஸ்.

“அப்ப அங்கேயே ஆளை நிறுத்து.”

தெம்யான் உச்சியில் ஏறினான். முழங்கால் உயரம்தான். ஆனாலும் விழுந்துவிடக் கூடாதே என்று இடுப்பில் கயிறு கட்டிவிட்டார்கள். பைனாகுலரில் ஆடு நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவது வரி: “ஊருக்கு வெளியே ஒரு போலி ஸ்டேஷன் கட்டு. எதிரி அதில் குண்டு போடட்டும்.” பலகையையும் சாக்கையும் வைத்து மடமடவென்று கட்டிவிட்டார்கள். தராஸ் ஆசையாக ஒரு டிக்கெட் ஜன்னலும் வைத்தான். பெரியவர் ஒருவர் வந்து வரிசையில் நின்றார்.

மூன்றாவது வரி: “எது போலி என்று நம் விமானிகளுக்குத் தெரிய வேண்டும்.”

“மேல பறக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கூரையில எழுத வேண்டியதுதான்” என்றார் கேப்டன்.

“ஜெர்மன்காரன் படிச்சிட்டா?” என்றான் தராஸ்.

கேப்டன் நெடுநேரம் யோசித்தார். “ரஷ்ய எழுத்துல எழுதிடு.”

ஆளுயர வெள்ளை எழுத்தில் ‘போலி’ என்று எழுதினார்கள். பெயின்ட் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று நிஜ ஸ்டேஷன் கூரையில் ‘நிஜம்’ என்று எழுதினார்கள். பிறகு பீரங்கிகளைப் போலி ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். மார்ஃபா ஓடி வந்து மறித்தாள்.

“ஏம்ப்பா, மாவு இங்கே, பீரங்கி அங்கேயா? உங்க மண்டையில என்னதான் இருக்கு?”

“கோவப்படாதீங்கம்மா. குண்டு விழப்போறது போலி ஸ்டேஷன்ல. குண்டே விழாத இடத்துக்குக் காவல் எதுக்கு?” என்றார் கேப்டன் பொறுமையாக.

மார்ஃபா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜெர்மன் விமானம் வந்தது. ஆடு மிரண்டு ஓடுவதாகத் தெம்யான் கடமை தவறாமல் கத்தினான். விமானியோ ரஷ்ய எழுத்து படித்தவன், பாவம், புத்திசாலி வேறு. ‘நிஜம்’ என்று எழுதிய ஸ்டேஷனில் காவலுக்கு ஒரு நாய்கூட இல்லை. ‘போலி’ என்று எழுதிய ஸ்டேஷனில் இரண்டு பீரங்கி. யாருக்குக் காது குத்துகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே, இருந்த குண்டையெல்லாம் போலியின் மேல் கொட்டிவிட்டுப் போனான். கேப்டனும் தராஸும் பள்ளத்தில் குதித்துப் பிழைத்தார்கள்.

மாவு ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை. மார்ஃபா சந்தோஷத்தில் அழுதாள். கேப்டனும் அழுதார். அவ்வளவு நல்ல டிக்கெட் ஜன்னல் போய்விட்டதே!

திட்டத்தின் கடைசி வரி: “போலி அழிந்தால் உடனே இன்னொரு போலி வேண்டும்.” பலகையோ தீர்ந்துவிட்டது.

“சுவரும் கூரையுமா ஒரு ஸ்டேஷன் சும்மாத்தானே நிக்குது?” என்றான் தராஸ்.

ஏணி வைத்து ஏறி, ‘நிஜம்’ என்பதை அழித்து, ‘போலி’ என்று எழுதினார்கள்.

“அப்ப நிஜ ஸ்டேஷன் எங்கேடா?” என்று அலறினாள் மார்ஃபா.

“என்னம்மா நீங்க, காலைல குண்டு விழுந்த சத்தம் கேக்கலையா? இது போலின்னா, போனதுதானே நிஜம்! புதுசு ஒண்ணு கட்டித் தரச்சொல்லி மேலிடத்துல கேட்டிருக்கோம்” என்றார் கேப்டன்.

மாவு வாங்க ஊர் ஜனம் பையோடு வந்து நின்றது. தராஸ் வழியை மறித்தான். போலி ஸ்டேஷனில் இருப்பது போலி மாவு. அதைக் கொடுத்தால் ஜனங்களை ஏமாற்றிய பாவம் வரும் என்றான். கேப்டனும் ஆமாம் என்று தலையாட்டினார். பசித்த பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

மார்ஃபா உள்ளே போனாள். ஒரு வாளி மாவை அள்ளிப் பிசைந்து, ஸ்டேஷன் அடுப்பிலேயே ரொட்டி சுட்டு மூன்று பேர் முன்னாலும் வைத்தாள். தெம்யானைக் கயிறு அவிழ்த்துக் கூட்டி வந்தார்கள். துணுக்குகூட மிச்சமில்லாமல் தின்றார்கள். கேப்டன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“போலி ரொட்டியே இவ்வளவு ருசியா! சரிம்மா, ஜனங்க இதையே அள்ளிட்டுப் போகட்டும். ஆனா யாரும் வயிறு முட்டச் சாப்பிட்டுடக் கூடாது. நிஜ ரொட்டி வரும்போது வயித்துல இடம் வேணுமில்ல?”